இரு புள்ளிகளுக்கு இடையே: மின்சுற்றில் மின்னழுத்தம் காணக் கற்றல்

மின்சுற்றில் ஓரிடத்தின் மின்னழுத்தம் எவ்வளவு என்று கேட்பது அரைக் கேள்வியே ஆகும். எந்த இடத்தை அடிப்படையாகக் கொண்டு என்பதையும் சேர்த்துக் கேட்கும்போதுதான் அது விடை பெறத் தக்க கேள்வியாகிறது. பள்ளி மாணவரும், தொழிற்பயிற்சி நிலையத்தில் எலக்ட்ரீஷியன் பிரிவில் ஈராண்டு பயில்பவரும், பல ஆண்டுகள் ஒயரிங் வேலை செய்தவரும்கூட மின்னழுத்தக் கணக்கில் தடுமாறும் இடங்களை ஆராய்ந்தால், அவற்றில் பெரும்பாலானவை இந்த இரண்டாவது புள்ளியை மறந்ததால் வந்தவை என்பது புலப்படும். சூத்திரங்களை மனனம் செய்வதற்கு முன்னரே இரு புள்ளிகளையும் பெயரிட்டுச் சொல்லும் பழக்கம் ஊன்றப்பட வேண்டும் என்பதே இச்சொற்பொழிவின் கருத்து.

இக்கருத்தை விளக்குவதற்கு வட சென்னையின் மூலக்கொத்தளத்தினும் பொருத்தமான இடம் அரிது. இதை அடுத்துள்ள பேசின் பிரிட்ஜில்தான் மெட்ராஸ் எலக்ட்ரிக் சப்ளை கார்ப்பரேஷன் நகருக்கு மின்சாரம் வழங்கிய நிலக்கரி மின்நிலையம் இயங்கியது; அந்நிறுவனம் 1947இல் அரசின் கைக்கு வந்தது; 1996இல் அங்கே 120 மெகாவாட் திறனுள்ள எரிவாயுச் சுழலி நிலையம் அமைந்தது. வடக்கே எண்ணூர் அனல்மின் நிலையம் 1970இல் தொடங்கி 2017 வரை உழைத்து ஓய்ந்தது. அதற்கும் அப்பால் வட சென்னை அனல்மின் நிலையம் 1994 முதல் இயங்கி வருகிறது. அந்நிலையத்தின் 210 மெகாவாட் அலகு ஒன்றில் 15.75 கிலோவோல்ட் அளவில் பிறக்கும் மின்சாரம், நெடுந்தொலைவு செல்லும்பொருட்டு 230 கிலோவோல்ட்டாக உயர்த்தப்பட்டு, துணைமின் நிலையங்களில் 110, 33, 11 கிலோவோல்ட் என இறங்கி, தெருமுனை டிரான்ஸ்பார்மரைக் கடந்து 230 வோல்ட்டாக வீட்டுக்குள் நுழைகிறது. இவ்வெண்கள் ஒவ்வொன்றும் இரண்டு இடங்களுக்கு இடையேயுள்ள வேறுபாட்டையே குறிக்கின்றன. தெருவில் ஓடும் மூன்று ஃபேஸ் கம்பிகளில் ஏதேனும் ஒன்றுக்கும் நியூட்ரலுக்கும் இடையே 230 வோல்ட் இருக்கையில், இரு ஃபேஸ் கம்பிகளுக்கு இடையே ஏறக்குறைய 400 வோல்ட் இருக்கிறது. கம்பி அதேதான், மற்றொரு புள்ளி மாறியதும் எண்ணும் மாறிவிடுகிறது.

வரையறை

மின்னூட்டம் ஒரு புள்ளியிலிருந்து மற்றொரு புள்ளிக்குச் செல்லும்போது, ஒவ்வொரு கூலூம் மின்னூட்டமும் எத்தனை ஜூல் ஆற்றலைப் பெறுகிறது அல்லது இழக்கிறது என்பதே அவ்விரு புள்ளிகளுக்கு இடையிலான மின்னழுத்த வேறுபாடு. சுவர்க் கடிகாரத்தில் போடும் 1.5 வோல்ட் பேட்டரி, தன் வழியாகச் செல்லும் ஒவ்வொரு கூலூமுக்கும் 1.5 ஜூல் ஆற்றலைக் கொடுக்கிறது என்பதுதான் அந்த உறையில் அச்சிடப்பட்ட எண்ணின் பொருள். மின்னோட்டம் என்பது ஒரு குறுக்குவெட்டைக் கடக்கும் மின்னூட்டத்தின் வீதம். அது ஓர் இடத்தில் நிகழ்வது. மின்னழுத்த வேறுபாடோ இரண்டு இடங்களுக்கு இடையே நிலவுவது. மின்னோட்டத்தை அளக்கச் சுற்றை அறுத்து நடுவே கருவியைப் புகுத்த வேண்டியிருப்பதற்கும், மின்னழுத்தத்தை அளக்கச் சுற்றை அறுக்காமல் இரு முனைகளிலும் கருவியின் இரு கம்பிகளை வைத்தால் போதும் என்பதற்கும் இவ்வேறுபாடே காரணம்.

இந்தியாவின் ரயில் நிலையப் பெயர்ப்பலகைகளில் கடல்மட்டத்திலிருந்து அந்நிலையம் எவ்வளவு உயரத்தில் உள்ளது என்று எழுதும் வழக்கம் மின்னழுத்தத்தைப் புரிந்துகொள்ளப் பெரிதும் துணை செய்யும். உயரம் என்பது தனித்து நிற்கும் அளவன்று. எங்கிருந்து என்று சொல்லியாக வேண்டும். இந்திய நில அளவைத் துறை 1909இல் நாட்டின் உயரங்களுக்கு ஒரே அடிப்படையை வகுத்தபோது, ஒன்பது துறைமுகங்களில் பல ஆண்டுகள் அளந்த கடல்மட்டத்தைச் சுழியாகக் கொண்டது. அவற்றுள் சென்னையும் ஒன்று. சுழியை வேறிடத்தில் வைத்திருந்தால் பலகைகளில் உள்ள எண்கள் எல்லாம் மாறியிருக்கும். ஆயினும் இரு நிலையங்களுக்கு இடையிலான ஏற்றத்தில் மில்லிமீட்டரும் மாறியிராது. மின்சுற்றிலும் அவ்வாறே ஏதேனும் ஒரு முனையைச் சுழி என்று வைத்துக்கொண்டு மற்ற முனைகளுக்கு எண் கொடுக்கலாம். அந்தச் சுழி முனையை அடிப்படை முனை என்பர். வீட்டு மின்னமைப்பில் பூமியே பெரும்பாலும் அடிப்படை முனையாகிறது. காரில் அதன் உலோக உடலும், கைவிளக்கில் பேட்டரியின் எதிர் முனையும் அந்த இடத்தை வகிக்கின்றன.

கம்பியும் தண்டவாளமும்

சென்னைக் கடற்கரையிலிருந்து தாம்பரம் வரையிலான புறநகர்ப் பாதை 1931இல் மின்மயமானபோது, தலைக்கு மேலுள்ள கம்பியில் 1,500 வோல்ட் நேர்மின்சாரம் செலுத்தப்பட்டது. 1960களில் அது 25,000 வோல்ட் மாறுமின்சாரமாக மாற்றப்பட்டது. பேசின் பிரிட்ஜையும் ராயபுரத்தையும் கடந்து செல்லும் மின்ரயில் ஒரே ஒரு கம்பியைத்தான் தொடுகிறது என்று தோன்றும். ஆனால் சுற்று அந்தக் கம்பியோடு முடிவதில்லை. மேலே கம்பியைத் தொடும் சட்டம் ஒரு முனையையும், கீழே தண்டவாளத்தைத் தொடும் சக்கரங்கள் மறு முனையையும் பற்றியிருக்கின்றன. 25,000 வோல்ட் என்பது இவ்விரண்டுக்கும் இடையே உள்ள வேறுபாடு.

அந்தக் கம்பியின்மீது அமரும் காகத்துக்கு ஒன்றும் நேராததைக் கணக்கிட்டே காட்டலாம். ஏறத்தாழ 107 சதுர மில்லிமீட்டர் குறுக்குவெட்டுள்ள செப்புக் கம்பியில் பத்து சென்டிமீட்டர் நீளத்தின் மின்தடை, செம்பின் தடையெண்ணைக் கொண்டு கணக்கிட்டால், ஓம் ஒன்றில் லட்சத்தில் 1.6 பங்கு. அதன் வழியே 200 ஆம்பியர் ஓடினாலும், காகத்தின் இரு கால்களுக்கு இடையே தோன்றும் மின்னழுத்த வேறுபாடு சுமார் 3 மில்லிவோல்ட்டே ஆகும். காகத்தின் உடல் முழுவதும் பூமியைவிட 25,000 வோல்ட் உயரத்தில் இருக்கிறது என்பதும், அதன் உடலுக்குக் குறுக்கே மில்லிவோல்ட்டுகளே உள்ளன என்பதும் ஒருங்கே உண்மை. சரக்கு ரயில் நிற்கும் யார்டுகளில் வேகன்மேல் ஏறுபவர் கம்பியைத் தொடாமல் நெருங்கினாலே உயிரிழக்கக் காரணம், அவருடைய கால் தண்டவாளத்தோடு இணைந்த உலோகத்தின்மீது நிற்பதுதான். இடைவெளி குறைந்ததும் காற்று தன் காப்புத் தன்மையை இழக்க, இரு புள்ளிகளுக்கும் நடுவே மனித உடலே பாலமாகிவிடுகிறது.

மூன்று விதிகள்

எளிய சுற்று எதிலும் மின்னழுத்தங்களைக் காண மூன்று விதிகள் போதும். முதலாவது ஓம் விதி: ஒரு கடத்தியின் இரு முனைகளுக்கு இடையே உள்ள மின்னழுத்த வேறுபாடு, அதன் வழியே செல்லும் மின்னோட்டத்தை அதன் மின்தடையால் பெருக்கி வருவது. கொலோன் நகரில் பள்ளி ஆசிரியராக இருந்த ஜார்ஜ் சைமன் ஓம் இதை நிறுவ முயன்றபோது, அக்காலத்து வோல்டா அடுக்குகளின் மின்னழுத்தம் நிலையாக நில்லாமல் ஏறி இறங்கி ஆய்வைக் குலைத்தது. ஆகவே அவர் பிஸ்மத்தும் செம்பும் சேர்ந்த வெப்ப இணையைக் கொண்டு, ஒரு சந்திப்பைக் கொதிநீரிலும் மறு சந்திப்பைப் பனிக்கட்டியிலும் வைத்து, மாறாத மின்னழுத்த மூலத்தை உருவாக்கிக்கொண்டார். 1827இல் வெளியான அவருடைய நூலுக்கு உரிய மதிப்புக் கிடைக்கப் பல ஆண்டுகள் ஆயின. லண்டன் ராயல் சொசைட்டி 1841இல் காப்ளி பதக்கம் வழங்கியது. பள்ளி ஆய்வகத்திலும் தேய்ந்த பேட்டரியோடு ஓம் விதியைச் சரிபார்க்க முனையும் மாணவர் அதே இடையூற்றையே எதிர்கொள்கிறார் என்பதை ஆசிரியர்கள் நினைவில் கொள்வது நலம்.

மற்ற இரண்டும் கிர்க்காஃப் விதிகள்; குஸ்டாவ் கிர்க்காஃப் 1845இல், இருபத்தொரு வயது மாணவராக இருந்தபோது வகுத்தவை. ஒரு சந்திக்குள் வரும் மின்னோட்டங்களின் கூடுதல், அதை விட்டு வெளியேறும் மின்னோட்டங்களின் கூடுதலுக்குச் சமம் என்பது மின்னோட்ட விதி. மூடிய சுற்று ஒன்றில் எப்புள்ளியிலிருந்து புறப்பட்டாலும், வழியில் வரும் ஏற்றங்களையும் இறக்கங்களையும் குறியோடு கூட்டிப் புறப்பட்ட இடத்துக்கே திரும்பும்போது மொத்தம் சுழியாகும் என்பது மின்னழுத்த விதி. முன்னது மின்னூட்டம் அழியாமையையும் பின்னது ஆற்றல் அழியாமையையும் சுற்றின் மொழியில் சொல்கின்றன.

12 வோல்ட் பேட்டரி ஒன்றோடு 1 ஓம், 2 ஓம், 3 ஓம் மின்தடைகள் ஒன்றன்பின் ஒன்றாக, அதாவது தொடரிணைப்பில், சேர்க்கப்பட்டுள்ளன என்று கொண்டால், மொத்த மின்தடை 6 ஓம், மின்னோட்டம் 2 ஆம்பியர். மின்தடைகளின் குறுக்கே முறையே 2, 4, 6 வோல்ட் இறங்கும், கூட்டினால் 12. இவ்வளவோடு பெரும்பாலான வகுப்புகள் நின்றுவிடுகின்றன. அடுத்த படியே இன்றியமையாதது. பேட்டரியின் நேர் முனைக்கு அ, முதல் இரண்டு தடைகளும் சேருமிடத்துக்கு ஆ, அடுத்த சேர்க்கைக்கு இ, பேட்டரியின் எதிர் முனைக்கு ஈ என்று பெயரிட்டு, ஈயைச் சுழியாகக் கொண்டால் அ 12, ஆ 10, இ 6 வோல்ட் ஆகின்றன. இப்போது சுழியை இக்கு மாற்றினால் அ 6, ஆ 4, இ 0, ஈ −6 வோல்ட் ஆகும். ஈயில் எதிர்க்குறி வந்ததைக் கண்டு பலர் திகைப்பதுண்டு; அது பழுதைக் குறிப்பதன்று, அடிப்படை முனையைவிட அப்புள்ளி தாழ்ந்திருப்பதையே குறிக்கிறது. எந்த முனையைச் சுழியாக்கினாலும் அவுக்கும் ஆவுக்கும் இடையே 2 வோல்ட்தான் என்பதைத் தாளில் கண்டு, பின்னர் மல்டிமீட்டரிலும் கண்டவருக்கு மின்னழுத்தத்தின் இயல்பு விளங்கிவிடும்.

அறுந்த இடத்தில் மின்னழுத்தம்

அதே சுற்றில் ஆவுக்கும் இவுக்கும் இடையே உள்ள 2 ஓம் தடை எரிந்து துண்டித்துப் போகிறது என்று கொள்க. மின்னோட்டம் சுழியாகிறது. ஆவுக்கும் இவுக்கும் இடையே இப்போது எத்தனை வோல்ட் என்று கேட்டால், மின்னோட்டம் இல்லை, எனவே மின்னழுத்தமும் இல்லை என்னும் விடையே மிகுதியாக வரும். இது ஊர்தோறும் காணப்படும் பிழை. 1983இல் கோஹென், ஐலன், கனியல் ஆகிய மூவரும் வெளியிட்ட ஆய்வு, மாணவர்கள் மின்னோட்டத்தையே மூலமாகவும் மின்னழுத்த வேறுபாட்டை அதன் விளைவாகவும் எண்ணுகிறார்கள் என்று எடுத்துக்காட்டியது.

சரியான விடையை விதிகளே தருகின்றன. மின்னோட்டம் இல்லாதபோது 1 ஓம், 3 ஓம் தடைகளின் குறுக்கே இறக்கம் ஏதுமில்லை. ஆகவே ஆ என்னும் புள்ளி அவின் அளவிலேயே, 12 வோல்ட்டில், நிற்கிறது. இ என்னும் புள்ளி ஈயின் அளவிலேயே, சுழியில், நிற்கிறது. துண்டித்த இடத்தின் குறுக்கே பேட்டரியின் 12 வோல்ட்டும் முழுமையாக வந்து நிற்கிறது. பேட்டரியில் இது பாடமாக முடியும். வீட்டு ஒயரிங்கில் உயிர்ப் பிரச்சினையாகும். ஸ்விட்ச் ஃபேஸ் கம்பியில் வைக்கப்படாமல் நியூட்ரல் கம்பியில் வைக்கப்பட்டிருந்தால், அதை அணைத்ததும் விளக்கு அணையும். ஆனால் விளக்கின் ஹோல்டர் முழுவதும் ஃபேஸோடு இணைந்தபடியே 230 வோல்ட்டில் நிற்கும். விளக்கு எரியவில்லை, ஆகவே கரண்ட் இல்லை என்று நம்பி ஸ்டூலில் ஏறி ஹோல்டரைக் கழற்றுபவரின் கைக்கும் ஈரச் சுவருக்கும் இடையே அந்த வேறுபாடு முழுதும் விழும். ஸ்விட்சை ஃபேஸிலேயே வைக்க வேண்டும் என்ற விதிக்குக் காரணம் இந்த ஒரு கணக்கே.

நியூட்ரல் அறுந்த தெரு

வீட்டுக் கருவிகள் யாவும் பக்க இணைப்பில் உள்ளன. அதாவது, ஒவ்வொன்றின் ஒரு முனை ஃபேஸிலும் மறு முனை நியூட்ரலிலும் சேர்ந்திருப்பதால் எல்லாவற்றின் குறுக்கேயும் ஒரே 230 வோல்ட் இருக்கிறது. மூன்று ஃபேஸ்களும் ஒரே கணத்தில் உச்சத்தைத் தொடுவதில்லை. சுழற்சியில் மூன்றில் ஒரு பங்கு தள்ளித் தள்ளி ஏறி இறங்குவதால், இரு ஃபேஸ்களுக்கு இடையிலான வேறுபாடு 460 ஆகாமல், 230ஐ மூன்றின் வர்க்கமூலத்தால் பெருக்கிய அளவான சுமார் 400 வோல்ட் ஆகிறது. தெருவில் உள்ள வீடுகள் மூன்று ஃபேஸ்களுக்கும் பகிர்ந்து தரப்பட்டிருக்க, நியூட்ரல் மட்டும் அனைவருக்கும் பொதுவாக உள்ளது.

மழையிலும் உப்புக் காற்றிலும் அரித்துப்போன இணைப்பு ஒன்றில் அந்தப் பொது நியூட்ரல் கழன்றுவிட்டது என்று கொள்வோர், அடுத்து நிகழ்வதை மேற்சொன்ன தொடரிணைப்புக் கணக்கைக் கொண்டே முன்னறியலாம். ஒரு ஃபேஸில் உள்ள வீட்டில் 100 வாட் குண்டு பல்பு ஒன்று எரிகிறது. மற்றொரு ஃபேஸில் உள்ள வீட்டில் 1,000 வாட் இஸ்திரிப் பெட்டி ஓடுகிறது. 230 வோல்ட்டுக்குக் கணக்கிட்டால் பல்பின் மின்தடை 529 ஓம், இஸ்திரிப் பெட்டியின் மின்தடை 52.9 ஓம். நியூட்ரல் இருக்கும்வரை இரு வீடுகளும் ஒன்றையொன்று பாதிப்பதில்லை. நியூட்ரல் போனதும், முதல் ஃபேஸிலிருந்து பல்பு வழியாகவும், துண்டிக்கப்பட்ட நியூட்ரல் துண்டு வழியாகவும், இஸ்திரிப் பெட்டி வழியாகவும் இரண்டாம் ஃபேஸுக்குச் செல்லும் ஒரே தொடர் சுற்றாக அவை மாறிவிடுகின்றன. 400 வோல்ட் இப்போது 10:1 என்ற விகிதத்தில் பிரிகிறது: பல்பின் குறுக்கே சுமார் 364 வோல்ட், இஸ்திரிப் பெட்டியின் குறுக்கே சுமார் 36 வோல்ட். ஒரு வீட்டில் ஹை வோல்டேஜ் வந்து டிவியும் ஃபிரிட்ஜும் பழுதாக, அதே நேரத்தில் அடுத்த வீட்டில் லோ வோல்டேஜில் மின்விசிறி சுழலவே மறுக்கும் விந்தைக்கு இதுவே விளக்கம். பல்பு எரிந்து தன் இணைப்பை அறுத்துக்கொண்டால், இஸ்திரிப் பெட்டி வீட்டுக்கு மின்னோட்டம் அறவே நின்றுவிடும். ஆயினும் அவ்வீட்டின் நியூட்ரல் கம்பி, இஸ்திரிப் பெட்டி வழியாகவே ஃபேஸின் அளவுக்கு உயர்ந்து நிற்கும். மின்னோட்டம் இல்லாத இடத்தில் மின்னழுத்தம் இருக்கக்கூடும் என்ற முற்பகுதியின் பாடம் இங்கே மீண்டும் உறுதிப்படுகிறது.

அறியாத முனையைக் கண்டறிதல்

ஒன்றுக்கு மேற்பட்ட மின்மூலங்கள் உள்ள சுற்றில் மின்தடைகளை நேரடியாகக் கூட்டி விடை காண முடியாது. அத்தகைய இடத்தில் முனை மின்னழுத்த முறை கைகொடுக்கும்: அடிப்படை முனை ஒன்றைத் தேர்ந்து, எஞ்சிய முனையின் அறியாத மின்னழுத்தத்துக்கு ஒரு பெயரிட்டு, அம்முனையில் மின்னோட்ட விதியை எழுதி, சமன்பாட்டைத் தீர்ப்பதே அம்முறை. துறைமுகத்துக்குக் கன்டெய்னர் ஏற்றி வரும் டிரெய்லர் லாரிகளின் 24 வோல்ட் மின்னமைப்பு இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. எளிமைப்படுத்திய எண்களைக் கொண்டால், 0.15 ஓம் அக மின்தடை உள்ள 28 வோல்ட் ஆல்டர்னேட்டரும், 0.1 ஓம் அக மின்தடை உள்ள 24 வோல்ட் பேட்டரியும், 2.5 ஓம் மின்தடைக்குச் சமமான விளக்குகளும் ஒரே முனையில் சேர்கின்றன. மறுமுனைகள் யாவும் லாரியின் உலோகச் சட்டத்தில், அதாவது சுழியில், உள்ளன. அக மின்தடை என்பது மின்மூலம் தனக்குள்ளேயே கொண்டுள்ள தடை.

சேரும் முனையின் மின்னழுத்தம் 25 வோல்ட் என்று வைத்துச் சரிபார்க்கலாம். ஆல்டர்னேட்டருக்கும் முனைக்கும் இடையே 3 வோல்ட், 0.15 ஓமால் வகுக்க, 20 ஆம்பியர் உள்ளே வருகிறது. முனைக்கும் பேட்டரிக்கும் இடையே 1 வோல்ட்; 0.1 ஓமால் வகுக்க, 10 ஆம்பியர் பேட்டரிக்குள் சென்று அதைச் சார்ஜ் செய்கிறது. முனையிலிருந்து சட்டத்துக்கு 25 வோல்ட், 2.5 ஓமால் வகுக்க, 10 ஆம்பியர் விளக்குகளுக்குச் செல்கிறது. வந்தது இருபது, சென்றது பத்தும் பத்தும். மின்னோட்ட விதி நிறைவேறுகிறது. எஞ்சின் நின்றுவிட்டால் ஆல்டர்னேட்டரின் பங்கு இல்லை. 24 வோல்ட்டை 0.1 ஓமும் 2.5 ஓமும் பகிர்வதால் முனையின் மின்னழுத்தம் சுமார் 23.1 வோல்ட்டாகிறது. அனுபவமுள்ள மெக்கானிக், எஞ்சின் ஓடும்போது பேட்டரியின் முனைகளில் மீட்டரை வைத்து, எண் பேட்டரியின் சொந்த மின்னழுத்தத்துக்கு மேலே நின்றால் சார்ஜ் ஏறுகிறது என்றும் கீழே நின்றால் ஏறவில்லை என்றும் கூறுவது இந்தச் சமன்பாட்டின் கைவழி வடிவமே. அவர் நெடுங்காலப் பழக்கத்தில் பெற்ற தீர்ப்பை, முனை மின்னழுத்த முறை கற்ற இளைஞர் காரணத்தோடு பெறுகிறார். இவ்விரண்டும் ஒருவரிடமே சேர்வதுதான் தொழிற்கல்வியின் இலக்காக இருக்க வேண்டும்.

கருவிகள் சொல்வதும் சொல்லாததும்

அளக்கும் கருவியும் சுற்றின் ஓர் உறுப்பாகிவிடுகிறது என்பதை மறந்தால் சரியான அளவீடும் தவறான முடிவைத் தரும். 10 வோல்ட் மூலத்தோடு தலா ஒரு கோடி ஓம் கொண்ட இரு தடைகளைத் தொடரில் இணைத்தால், கணக்கின்படி ஒவ்வொன்றின் குறுக்கேயும் 5 வோல்ட் இருக்க வேண்டும். சாதாரண டிஜிட்டல் மல்டிமீட்டரின் உள்தடையும் ஏறத்தாழ ஒரு கோடி ஓம்தான். அதை ஒரு தடையின் குறுக்கே வைத்ததும், அத்தடையும் மீட்டரும் பக்க இணைப்பில் சேர்ந்து ஐம்பது லட்சம் ஓமாகக் குறைய, மீட்டர் 3.33 வோல்ட் என்றே காட்டும். கணக்கும் பொய்யன்று, மீட்டரும் பொய்யன்று. இரண்டும் வெவ்வேறு சுற்றுகளைப் பற்றிப் பேசுகின்றன.

இதன் மறுபக்கம் வீட்டு ஒயரிங்கில் காணப்படுகிறது. எதிலும் இணைக்கப்படாத கம்பி ஒன்று, ஃபேஸ் கம்பியோடு ஒரே பைப்புக்குள் நெடுந்தூரம் செல்லுமானால், இரண்டுக்கும் இடையிலான மின்தேக்குத் திறனால் டிஜிட்டல் மீட்டர் அதில் பல பத்து வோல்ட்டுகளைக் காட்டும். குண்டு பல்பைக் கொண்ட டெஸ்ட் லேம்பை அங்கே வைத்தால் அந்த மின்னழுத்தம் உடனே சரிந்து சுழியாகிவிடும். பல்பு கேட்கும் மின்னோட்டத்தைத் தரும் வலிமை அதற்கு இல்லை.

டெஸ்டர் என்னும் எளிய கருவி பற்றித் தனியே சொல்ல வேண்டும். அதனுள் சிறிய நியான் விளக்கும், மின்னோட்டத்தை மிகக் குறைவாகக் கட்டுப்படுத்தும் உயர் மின்தடையும் உள்ளன. அதன் சுற்று, பிடித்திருப்பவரின் உடல் வழியாகவும் தரை வழியாகவும் முற்றுப்பெறுகிறது. ஆகவே தொட்ட புள்ளிக்கும் பிடித்திருப்பவருக்கும் இடையே வேறுபாடு உண்டா என்பதை மட்டுமே டெஸ்டர் சொல்லும். சுற்றின் இரு புள்ளிகளுக்கு இடையே எவ்வளவு என்று அதனால் சொல்ல இயலாது. பிளக் துளைகள் இரண்டிலும் டெஸ்டர் எரிந்தால் இரண்டிலும் கரண்ட் வருகிறது என்று முடிவு கட்டுவோர் உண்டு. வீட்டில் ஏதேனும் ஒரு கருவி இணைப்பில் இருக்க, நியூட்ரல் அறுந்திருந்தால் அப்படித்தான் எரியும்; துளைகள் இரண்டுக்கும் இடையே அப்போது மல்டிமீட்டர் சுழியையே காட்டும். இரு வேறு ஃபேஸ்கள் வந்து சேர்ந்திருந்தாலும் இரண்டிலும் எரியும். அப்போது இடையே 400 வோல்ட் இருக்கும். டெஸ்டருக்கு இரண்டும் ஒன்றே. மின்னழுத்தம் இரு புள்ளிகளின் செய்தி என்று கற்றவர் மட்டுமே அந்த வேளையில் மல்டிமீட்டரை எடுப்பார்.

பூமிக்கடியில்

சென்னையின் 11 கிலோவோல்ட் வழிகளில் பெரும்பகுதி பூமிக்கடியில் செல்லும் கேபிள்கள். அவற்றில் ஒன்றின் காப்பு உடைந்து பூமியோடு சேர்ந்துவிட்டால், தெரு முழுவதையும் தோண்டாமல் பழுதடைந்த இடத்தைக் கண்டறியும் பழைய முறைகளில் ஒன்று மர்ரே வளையச் சோதனை. அதன் அடிப்படை, பன்னிரண்டாம் வகுப்பு இயற்பியலில் கற்பிக்கப்படும் வீட்ஸ்டன் சமனச் சுற்றுதான்: இரு கிளைகளில் உள்ள இரு புள்ளிகளுக்கு இடையே மின்னழுத்த வேறுபாடு சுழியாகும்வரை தடைகளைச் சரிசெய்து, அந்நிலையில் தடைகளின் விகிதத்தைக் கொண்டு அறியாததை அறிவது. பழுதான கம்பியையும் நல்ல கம்பியையும் தொலைமுனையில் இணைத்து வளையமாக்கினால், வளையத்தின் மின்தடை நீளத்துக்கு ஏற்பப் பிரிகிறது. 600 மீட்டர் கேபிளில் வளையத்தின் நீளம் 1,200 மீட்டர். சமநிலையில், பழுதான கம்பியின் பக்கமுள்ள தடை மொத்தத்தில் நூற்றுக்கு 35 பங்கு என்று வந்தால், பழுது சோதனை செய்யும் முனையிலிருந்து 420 மீட்டரில் உள்ளது. கண்ணுக்குத் தெரியாத ஓர் இடத்தை, இரு புள்ளிகளுக்கு இடையே மின்னழுத்தம் இல்லை என்ற ஒரே செய்தியிலிருந்து காண்பது இக்கல்வியின் பயனை எல்லோருக்கும் உணர்த்தத் தக்கது.

மழைக்காலத்தில் இதே அறிவு நடப்போருக்கும் தேவைப்படுகிறது. அறுந்து விழுந்த கம்பியிலிருந்து மின்னோட்டம் தரைக்குள் பரவும்போது, கம்பி விழுந்த இடத்தில் மின்னழுத்தம் மிகுந்தும், விலக விலகக் குறைந்தும் இருக்கும். அகல அடி வைப்பவரின் இரு பாதங்களும் வெவ்வேறு மின்னழுத்தத்தில் நிற்கின்றன; அந்த வேறுபாடே உடலின் வழியே மின்னோட்டத்தைச் செலுத்துகிறது. அத்தகைய இடத்தில் அகப்பட்டவர் பாதங்களை ஒட்டி வைத்து, தரையிலிருந்து தூக்காமல் சிறுகச் சிறுக நகர்ந்து விலக வேண்டும் என்ற அறிவுரை, பாதங்களுக்கு இடையிலான தூரத்தைக் குறைத்து மின்னழுத்த வேறுபாட்டையும் குறைப்பதற்கே.

கற்பிக்கும் ஒழுங்கு

மேற்கூறியவை அனைத்தும் கற்பிக்கும் முறைக்கு ஓர் ஒழுங்கைத் தருகின்றன. முதலில் சுற்றை வரைந்து, ஒவ்வொரு சந்திப்புக்கும் பெயரிடுதல் வேண்டும். ஒரே கம்பியால் இணைந்த இடங்கள் யாவும் ஒரே முனை என்பதை ஒரே நிறத்தால் தீட்டிக் காட்டுவது, படம் எத்தனை சிக்கலாக இருந்தாலும் பார்வையைத் தெளிவிக்கும். அடுத்து, அடிப்படை முனையை அறிவித்தல். பின்னர், எண்களைத் தொடுமுன் எது உயர்ந்தது, எது தாழ்ந்தது என்று ஊகித்து எழுதுதல். அதன்பின் விதிகளைக் கொண்டு கணக்கிடுதல். கடைசியாக 1.5 வோல்ட், 9 வோல்ட் பேட்டரிகளைக் கொண்டு சுற்றை அமைத்து, அளந்து, கணக்கோடு ஒப்பிடுதல். வேறுபாடு காணப்பட்டால் அதை மறைக்காமல், பேட்டரியின் அக மின்தடையா, மீட்டரின் உள்தடையா, இணைப்பின் தளர்வா என்று காரணம் தேடச் செய்தல். கணக்கும் அளவீடும் பொருந்தாத நாளே வகுப்பில் மிகுதியாகக் கற்கும் நாள்.

230 வோல்ட்டில் கை வைக்கும் தகுதி இவ்வொழுங்கில் தேறிய பின்னரே வர வேண்டும். அப்போதும் மின்சாரம் இல்லை என்று உறுதிசெய்ய மூன்று சோதனைகள் தேவை: மின்சாரம் உள்ளதென்று நன்கறிந்த இடத்தில் கருவியைச் சோதித்தல், வேலை செய்ய வேண்டிய இடத்தைச் சோதித்தல், மீண்டும் அறிந்த இடத்தில் கருவியைச் சோதித்தல். இவற்றுள் நடுச் சோதனையையும் ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும், ஃபேஸுக்கும் எர்த்துக்கும், நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையே தனித்தனியே செய்தாக வேண்டும். நியூட்ரல் அறுந்த வீட்டில் ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் இடையிலான சோதனை சுழியைக் காட்ட, எர்த்தோடு செய்யும் மற்ற இரு சோதனைகளே ஆபத்தை வெளிப்படுத்தும்.

வட சென்னையின் இளைஞர்கள் துறைமுகத்திலும், ரயில்வே பணிமனைகளிலும், மின்நிலையங்களிலும், வீடுகளின் மீட்டர் பலகைகளின் முன்னும் தம் கைகளை வைத்து உழைக்கிறார்கள். அவர்களுக்குக் கற்பிப்போர் ஒரு சிறிய நெறியை விடாது கடைப்பிடித்தால் போதும்: எத்தனை வோல்ட் என்ற கேள்விக்கு ஓர் எண்ணை மட்டும் சொல்லும் விடையை, எண் சரியாக இருப்பினும், முழு விடையாக ஏற்காமல், எதற்கும் எதற்கும் இடையே என்று திரும்பக் கேட்க வேண்டும். மாணவர் அதைத் தாமே சொல்லத் தொடங்கும்வரை இக்கேள்வியை நிறுத்தக் கூடாது. ஏனெனில் தேர்வில் இதை விட்டவர் ஒரு மதிப்பெண்ணை இழப்பார், வேலையில் இதை விட்டவர் உயிரையே இழக்கக்கூடும்.